பிடி அரிசி

ஒரு சீமையின் சமய வரலாற்றை எழுதப் புகுவோர் கோபுரங்களையும் கல்வெட்டுகளையும், வாதில் வென்ற ஆசாரியர்களையும் முன்னிறுத்தி எழுதுவதே பெரும்பான்மை வழக்கம். திண்டிவனம், விழுப்புரம் வட்டாரங்களில் கிறிஸ்தவ சமயம் வேர் பிடித்த கதையை அம்முறையில் எழுத முற்படுபவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். வேளாங்கண்ணியைப் போலத் தேசமெங்கும் பேர்போன க்ஷேத்திரம் இங்கே இல்லை. தரங்கம்பாடியைப் போல அச்சுக்கூடப் பெருமை பேசுவதற்கும் இடமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரைப் போல அரண்மனை ஆதரவு பெற்ற கீர்த்தனக் கவிராயர் எவரும் இங்கே தோன்றவில்லை. காலையில் ஏர் பூட்டும் நேரத்துக்கும் இரவில் உலை வைக்கும் நேரத்துக்கும் இடைப்பட்ட ஏழை எளியவர்களின் அன்றாட ஜீவனத்துக்குள், ஆரவாரம் எதுவுமின்றி மெல்லப் புகுந்து இடம் பிடித்துக்கொண்ட சமயம் இது. ஆகையால் இதன் வரலாற்றைத் தேடுபவர் கோயில் வாசலில் நிற்பதைக் காட்டிலும் அடுப்பங்கரையில் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

இந்த நிலம் சமயங்களுக்குப் புதிதன்று. திண்டிவனத்துக்கு மேற்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் மடம் இன்றும் நடைபெற்று வருகிறது. திருக்கோவலூர் இடைகழியில் முதலாழ்வார் மூவரும் மழையிரவில் நெருக்குண்டு நின்ற கதையை வைணவர்கள் மறந்ததில்லை. செஞ்சியைக் கிருஷ்ணப்ப நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த 16ஆம் நூற்றாண்டின் இறுதியில், நிக்கோலாஸ் பிமெண்டா என்னும் சேசு சபைக் குருவானவர் அங்கே வந்து, லிஸ்பன் ஒன்று நீங்கலாகத் தம் நாட்டில் அத்தனை பெரிய பட்டணம் இல்லை என்னும் கருத்துப்பட எழுதிவைத்துப் போனார். 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கு ஆலயம் எழுப்பி, தேவமாதாவைத் தமிழ்ப் பெண்ணின் கோலத்திலேயே நிறுத்தினார். 1773இல் சேசு சபை கலைக்கப்பட்ட பின்னர், புதுச்சேரியிலிருந்து பாரிஸ் வேதபோதக சபையின் குருக்கள் இவ்வூர்களின் கத்தோலிக்கரைக் கவனித்து வந்தார்கள். இவையெல்லாம் முன்கதை, நான் சொல்ல வந்தது இதற்குப் பிற்பட்டது.

1819ஆம் ஆண்டை ஒட்டி, நியூயார்க் நகரில் ஜான் ஸ்கட்டர் என்ற இளம் வைத்தியர் ஒரு நோயாளியின் வீட்டுக்குப் போயிருந்தார். முன்னறையில் காத்திருந்த சமயத்தில் அங்கே கிடந்த சிறு துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கையிலெடுத்துப் புரட்டினார். சுவிசேஷத்தைக் கேள்விப்படாத கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய பிரசுரம் அது. வைத்தியர் வீட்டுக்குத் திரும்பி, மனைவியோடு கலந்து பேசி, நல்ல வருமானம் தந்துகொண்டிருந்த தொழிலை விட்டுக் கப்பலேறினார். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் பல ஆண்டுகள் வைத்தியமும் பிரசங்கமும் செய்து, 1836இல் சென்னைக்கு வந்தார். அவருடைய புதல்வர் எழுவரும் தமிழகத்தில் மிஷனெரிகளானார்கள். அவர்களில் மூவர் சேர்ந்து 1853இல் அமெரிக்க ஆற்காடு மிஷனை ஸ்தாபித்தார்கள். வேலூர், சித்தூர், ஆரணி என்று தொடங்கிய அந்த மிஷன் பின்னர் தெற்கே திண்டிவனம் வரை நீண்டது.

இந்தச் சகோதரர்கள் தொடக்கத்தில் கைக்கொண்ட கொள்கை ஒன்று அக்காலத்தில் பலருக்கும் விநோதமாகப் பட்டது. இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வைத்து உயர்குலத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, படிப்பின் வழியாகச் சமயத்தைப் புகட்டுவது மற்ற மிஷன்கள் பலவற்றின் மார்க்கமாயிருக்க, இவர்களோ அதை வேண்டாமென்று தள்ளி, நேரே தெருவிலும் சந்தையிலும் நின்று தமிழிலேயே பேசுவது என்று தீர்மானித்தார்கள். ஹென்றி மார்ட்டின் ஸ்கட்டர் கடைத்தெருப் பிரசங்கிகளுக்கென்றே தமிழில் ஒரு கைந்நூல் எழுதினார். பின்னாளில் இந்தப் பிடிவாதம் தளர்ந்தது; 1898இல் வேலூரில் வூர்ஹீஸ் கல்லூரியே எழுந்துவிட்டது; திண்டிவனத்திலும் ஸ்கட்டர் குடும்பத்தின் பெயரைத் தாங்கிய பள்ளி இன்றும் இருக்கிறது. என்றாலும் சந்தையில் நின்று பேசியவர்களின் பேச்சைக் கேட்டு மனம் மாறியவர்கள் மிகச் சிலரே என்பதை மறைப்பதற்கில்லை. கும்பல் கூடிற்று, கேட்டது, கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தது. சமயம் உண்மையிலேயே இங்கே கால் ஊன்றியது தாது வருஷத்துக்குப் பிறகுதான்.

1876இல் தொடங்கி 1878 வரை நீடித்த அந்தப் பெரும் பஞ்சத்தைத் தாது வருஷப் பஞ்சம் என்றே நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் என்பது ஒரு மதிப்பு. ஏரிகள் வறண்டன, மேட்டுநிலத்துக் கம்பும் கேழ்வரகும் கருகின, கடன் கொடுப்பார் கடையைச் சாத்தினார்கள். நிவாரண வேலைக்குப் போன ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் போதுமென்று சர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்ததும், அது உயிர் தரிக்கப் போதாது என்று சென்னை மாகாணத்துச் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் எதிர்த்து வாதாடியதும் சர்க்கார் ஏடுகளிலேயே பதிவாகியிருக்கின்றன. அப்போது மிஷன் வளாகங்களும் குருக்களின் இல்லங்களும் கஞ்சித் தொட்டிகளாக மாறின. செஞ்சிக்கு வடக்கே சேத்துப்பட்டில் தார்ராஸ் அடிகள் என்ற பிரெஞ்சுக் குருவானவர் ஆயிரக்கணக்கானோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். ஆற்காடு மிஷனின் சபைகளிலும், திருக்கோவலூர்ப் பக்கத்தில் டென்மார்க் தேசத்தார் நடத்திய லுத்தரன் சபைகளிலும், சேரிச் சனங்கள் குடும்பம் குடும்பமாகவும் சில இடங்களில் தெருத் தெருவாகவும் வந்து சேர்ந்தார்கள்.

ஊரார் அவர்களுக்கு ஒரு பட்டம் சூட்டினார்கள்: அரிசிக் கிறிஸ்தவர். வயிற்றுக்காக வந்தவன் வயிறு நிறைந்ததும் போய்விடுவான் என்பது அந்தப் பட்டத்தின் உட்கிடை. மிஷனெரிகளிலேயே பலருக்கு இந்தச் சந்தேகம் இருந்தது. இந்த ஏளனத்தில் உண்மையே இல்லை என்று சாதிக்க நான் முன்வரமாட்டேன். மழை பெய்த பிறகு பழையபடியே மாரியம்மனிடம் திரும்பியவர்களும் உண்டு. ஆனால் பசித்தவன் சோற்றுக்காக ஒரு வாசலை நாடுவதில் இழிவு என்ன இருக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. எந்த வாசலிலும் ஏறக்கூடாது என்று தலைமுறை தலைமுறையாய் விலக்கிவைக்கப்பட்ட ஒருவன், கஞ்சி ஊற்றுவதோடு நில்லாமல் உன் பெயர் என்ன என்று கேட்டு ஏட்டில் எழுதிக்கொள்ளும் ஒரு வாசலைக் கண்டால், அங்கேயே தங்கிவிட எண்ணுவது இயற்கையே அன்றோ.

தங்கியவர்களின் வாழ்வில் முதலாவதாக மாறியது கிழமை. சபைகள் அவர்களிடம் கேட்டுக்கொண்டவற்றில் விக்கிரக வணக்கத்தை விடுவதைக் காட்டிலும் கடினமானது ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போகாமல் இருப்பது. பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவருக்கு இதன் கனம் தெரியாது. தென்னாற்காட்டுப் படியாளுக்கு வாரம் என்ற கணக்கே கிடையாது. நடவும் களையும் அறுப்பும்தான் அவன் நாட்காட்டி. மிராசுதாரர் படியளந்தால் அன்று சோறு. அளக்காவிட்டால் அன்று பட்டினி. அப்படிப்பட்டவன் ஒருநாள் காலை, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, இன்றைக்கு வரமுடியாதுங்க, கோயிலுக்குப் போகிறோம் என்று சொன்னால், அந்தச் சொல் ஆண்டை காதில் பக்தியாக விழவில்லை; கலகமாக விழுந்தது. படியை நிறுத்துவது, குடிசையைக் காலி செய்யச் சொல்வது, கிணற்றுப் பாதையை அடைப்பது முதலான பதில்கள் அடுத்தடுத்து வந்தன. வழக்குகள் கலெக்டர் கச்சேரி வரை போயின. பக்கத்துச் செங்கல்பட்டு ஜில்லாவின் கலெக்டராயிருந்த திரமென்ஹீர் 1891இல் பறையர் நிலைமை பற்றி எழுதிய அறிக்கையும், அதையொட்டி 1892இல் ஒதுக்கத் தொடங்கிய நிலங்களும், பஞ்சமி நிலம் என்று இன்றும் நம் சட்டசபையில் பேசப்படுபவை, இந்தப் பூசல்களின் பின்னணியில் பிறந்தவையே. ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ போன்ற பாதிரிமார் அதற்காக மனு எழுதியும் வாதாடியும் உழைத்தார்கள். ஆக, வாரத்தில் ஒருநாள் கையைக் கட்டிக்கொண்டு பாயில் அமர்ந்திருக்கும் உரிமைக்காகப் பட்டினி கிடக்கவும் துணிந்தவர்களை வயிற்றுக்காக வந்தவர்கள் என்று சொல்வது எங்ஙனம் பொருந்தும்?

இனி அடுப்பங்கரைக்கு வருவோம். அந்நாளைய சேரியில் பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே கூரைக் கொட்டகைதான். வார நாட்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவார்கள். இரவில் வயல் வேலை முடிந்து வந்த பெரியவர்கள் விளக்கைச் சுற்றி அமர்ந்து எழுத்துக் கூட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே தரையில் பாய் விரித்து ஆராதனை. இவை எல்லாவற்றுக்கும் பொறுப்பாளி உபதேசியார் ஒருவரே. பிள்ளைக்குப் பெயர் வைப்பதும் பிரேதத்துக்கு முன்னால் நடப்பதும் அவர். கடுதாசி படித்துச் சொல்வதும் கச்சேரிக்கு மனு எழுதிக் கொடுப்பதும் அவர். மிஷன் தரும் சம்பளமோ சொற்பம். அந்த உபதேசியார் வீட்டு அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டதில் பிடி அரிசிக்கு ஒரு பங்கு உண்டு.

மாலையில் விளக்கேற்றியதும் வீட்டுக்காரி ஆழாக்கில் அரிசியை அளந்து முறத்தில் கொட்டுகிறாள். புடைத்து, நொய்யும் உமியும் போக்கி, கல் பொறுக்குகிறாள். களைவதற்குச் சட்டியில் இடுமுன் ஒரு கணம் கையை நிறுத்தி, முறத்திலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பின் பக்கத்தில் இருக்கும் சிறு கலயத்தில் போடுகிறாள். போடும்போது ஒரு வார்த்தை ஜெபம் சொல்பவர்களும் உண்டு. பேசாமல் போடுபவர்களும் உண்டு. அரிசி இல்லாத நாளில், அந்நாளில் அரிசி இல்லாத நாளே அதிகம், கேழ்வரகிலோ கம்பிலோ ஒரு பிடி. சனிக்கிழமை இரவு கலயத்தைத் துணிப்பையில் கவிழ்த்துக்கொண்டு, மறுநாள் காலை கோயிலுக்குக் கொண்டுவந்து, முன்னால் வைத்திருக்கும் கூடையில் கொட்டுகிறாள். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டாலும், 30 வீடுள்ள ஒரு சேரியில் வாரத்துக்குப் பத்து கிலோவுக்கு மேல் சேர்ந்துவிடும். ஒரு சிறு குடும்பத்தின் வாரச் சாப்பாடு அது. ஆனால் அந்தக் கூடையில் சம்பாவும் குறுவையும், புழுங்கலும் பச்சையும், பழையதும் புதியதும் ஒன்றாய்க் கலந்திருக்கும். ஒரே உலையில் போட்டால் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் நிற்கும். உபதேசியாரின் மனைவியான அம்மாளுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

இது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த வழக்கமன்று. மடத்துக்கும் கோயில் அன்னதானத்துக்கும் பிடி அரிசி எடுத்துவைப்பது நம் நாட்டுப் பெண்களின் பழைய தர்மம். காஞ்சிப் பெரியவர் இதே பெயரில் ஒரு திட்டத்தை ஊக்குவித்ததைப் பலரும் அறிவர். மிஜோரம் மலைகளிலும் கிறிஸ்தவப் பெண்கள் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து வேளைதோறும் சமைக்குமுன் ஒரு பிடி அரிசியை ஒதுக்கி வைத்து, அதைக்கொண்டே தங்கள் திருச்சபையின் ஊழியங்களைத் தாங்கி வருகிறார்கள். திண்டிவனத்துச் சேரியில் இந்த வழக்கத்துக்கு ஏற்பட்ட தனிச் சிறப்பு என்னவென்றால், கொடுப்பவள் நேற்றுவரை வாங்குபவளாக மட்டுமே இருந்தவள். அரிசிக் கிறிஸ்தவர் என்று பழித்தவர்களுக்கு எவரும் பதிலெழுதியதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் அங்கே குறைவு. அவர்கள் செய்ததெல்லாம், அதே அரிசியை நாளுக்கு ஒரு பிடியாகத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கியதுதான்.

வருஷத்துக்கு ஒருமுறை இந்தப் பிடி அரிசி பெரும் கோலாகலமாக உருவெடுக்கும். அறுப்பின் பண்டிகை என்று அதற்குப் பெயர். அன்று கோயிலின் உள்ளே நிலைப்படி முழுவதும் கரும்பும் வாழையும் கட்டியிருக்கும். முதல் கதிர்க்கட்டும், பரங்கியும் பூசணியும், கொடியோடு பிடுங்கிய மல்லாட்டையும் குவிந்து கிடக்கும். வெளியூரார் வேர்க்கடலை என்றோ நிலக்கடலை என்றோ சொல்வதை இந்தச் சீமையில் மல்லாட்டை என்றுதான் சொல்வார்கள். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் உண்டாக்கிய டி.எம்.வி. ரகங்கள் நாடெங்கும் பரவியிருப்பதால், இப்பயிரைப் பொறுத்தவரை நாங்கள் சற்றுக் கர்வம் கொள்வதைப் படிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஏலம் தொடங்கும். ஏலம் கூறுபவர் ஊரின் நையாண்டிக்காரராக இருப்பது சம்பிரதாயம். ஒற்றைச் சுரைக்காய் சந்தை விலையைப் போலப் பத்து மடங்குக்குப் போகும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் மறுபடியும் ஏலத்துக்கே விட்டுவிடுவார். அந்தச் சுரைக்காய் மூன்று நான்கு கை மாறிக் கடைசியில் யாராவது ஒரு விதவைத் தாயின் மடியில் போய் விழும். காலைக் கட்டிய கோழி ஒன்று இத்தனைக்கும் நடுவில் கத்திக்கொண்டே இருக்கும். பக்தி என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது என்று எண்ணுபவர்கள் இந்த ஏலத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது.

திண்டிவனத்தின் பெயர் உலக வைத்திய சரித்திரத்தில் ஏறியதும் இதே அன்றாட வாழ்வின் வாசற்படியில்தான். முதல் ஸ்கட்டரின் கடைசிப் புதல்வரான இரண்டாம் ஜான் ஸ்கட்டர் திண்டிவனத்தில் மிஷன் வைத்தியராயிருந்தபோது, நோயுற்ற தாயாருக்குத் துணையிருக்க அவருடைய மகள் ஐடா 1890இல் அமெரிக்காவிலிருந்து வந்தாள். இருபது வயதுகூட நிரம்பாத பெண்; தாயார் தேறியதும் திரும்பிவிடுவது, மிஷனெரியாவது மட்டும் ஒருக்காலும் இல்லை என்பது அவள் சங்கல்பம். ஓரிரவு, முதலில் ஓர் அந்தணர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வரவேண்டும் என்று கேட்டார். நான் வைத்தியம் அறியேன், என் தகப்பனாரை அழைத்துப் போங்கள் என்றாள் ஐடா. அந்நிய ஆண்மகன் என் மனைவியைப் பார்ப்பதா என்று அவர் திரும்பிப் போனார். அடுத்து ஓர் இஸ்லாமியர். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக மீண்டும் உயர்குலத்து இந்து ஒருவர். பொழுது விடிந்தபோது சாவு மேளம் கேட்டது. விசாரித்ததில் பெண்கள் மூவருமே இறந்துவிட்டார்கள் என்று தெரியவந்தது.

இந்தக் கதையைப் பல நூல்களும் பிரசங்கங்களும் தெய்வ அழைப்பு என்ற தலைப்பின்கீழ் சொல்லிவிட்டன. நான் அதை மறுக்கவில்லை. ஆயினும் சொல்லுகிறவர்கள் வேகமாய்த் தாண்டிப்போகும் ஒன்று என் மனத்தில் தங்குகிறது. ஐடாவுக்கு அன்றிரவு தரிசனம் எதுவும் கிட்டவில்லை. வானத்திலிருந்து குரலும் கேட்கவில்லை. வந்தவர்கள் அக்கம்பக்கத்து மனிதர்கள்; கேட்டது மருத்துவச்சியிடம் எந்த வீட்டாரும் கேட்பது. பாட்டனார் நோயாளி வீட்டு முன்னறையில் காத்திருந்தபோது அவர் வாழ்க்கை திரும்பியது. பேத்தி தன் வீட்டு வாசலில் கைவிளக்கோடு நின்றபோது அவள் வாழ்க்கை திரும்பியது. அவள் அமெரிக்கா சென்று வைத்தியம் கற்று, 1899இல் பட்டம் பெற்று, 1900இன் தொடக்கத்தில் திரும்பி வந்து, வேலூர் பங்களாவில் ஓர் அறையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கியதும், 1902இல் மருத்துவமனையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்ததும், இன்று சி.எம்.சி. என்ற மூன்றெழுத்துக்கு இருக்கும் மதிப்பும் யாவரும் அறிந்தவை. ஐடா சாலையோர மரத்தடிகளில் வாரந்தோறும் குறித்த நாளில் நின்று மருந்து கொடுத்த வழக்கத்தைத்தான் நான் எல்லாவற்றிலும் பெரிதாக எண்ணுகிறேன். மருத்துவமனையை ஜனங்கள் தேடி வரும்வரை காத்திராமல், ஜனங்கள் சந்தைக்குப் போகும் வழியில் தானே போய் நின்ற அந்தப் பழக்கத்தில், கடைத்தெருவில் நின்று பேசிய பழைய ஸ்கட்டர்களின் ரத்தம் தெரிகிறது. பேச்சுக்குப் பதில் மருந்து, அவ்வளவே வேற்றுமை.

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, இந்தச் சபைகளில் எல்லாமே சமத்துவமாகவும் சாந்தமாகவும் நடந்தன என்று எவரும் எண்ணிவிடலாகாது. சாதி கோயில் வாசலில் செருப்போடு கழற்றி வைக்கப்படவில்லை; உள்ளே வந்து பாயில் தனக்கென்று ஓரிடம் பிடித்துக்கொண்டது. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் என்ற ஜெர்மானியர், சபைக்குள் சாதிக்கு இடங்கொடுப்பதை ஒப்பாமல், அந்த மிஷனைவிட்டு விலகி 1861இல் மேல்பட்டாம்பாக்கத்தில் தனியே ஊழியம் தொடங்கினார். டென்மார்க் மிஷனின் இந்நாட்டு ஊழியமும் பின்னாளைய ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் முளைத்தது அந்தப் பிரிவிலிருந்துதான். ஆற்காடு மிஷன் தொடக்கத்திலிருந்தே சாதி விஷயத்தில் கண்டிப்பாயிருந்தது. கத்தோலிக்கக் கிராமங்களில் நிலைமை வேறு. 2008 மார்ச்சில் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து எறையூரில், ஒரே மாதாவை வணங்கும் வன்னியரும் தலித்துகளும் மோதிக்கொண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதை மூடி மறைத்து வரலாறு எழுத முடியாது. 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை பல மிஷன்களை ஒன்றாக்கியது. சாதிகளை ஒன்றாக்குவது அதைக் காட்டிலும் நெடிய வேலை.

அரசும் தன் பங்குக்கு ஒரு முடிச்சைப் போட்டது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி பிறப்பித்த பட்டியல் சாதியினர் ஆணையின்படி, கிறிஸ்தவராகப் பதிந்துகொண்ட தலித்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. ஆகவே நம் சீமையில் ஆயிரமாயிரம் பேருக்கு இரண்டு பெயர் ஏற்பட்டது: பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏழுமலை, சபைப் பதிவேட்டில் ஏசுதாஸ், சான்றிதழில் ஒன்று, கல்லறையில் ஒன்று. இதை வஞ்சகம் என்று கூசாமல் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பிள்ளையின் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் உரிய பங்கை விட்டுக்கொடு அல்லது உன் கடவுளின் பெயரை வெளியே சொல்லாதே என்று இரண்டிலொன்றை ஒரு தகப்பன்மேல் சுமத்திவிட்டு, அவன் நாணயத்தை மட்டும் சோதிப்பது என்ன நியாயம் என்று கேட்கத் தோன்றுகிறது.

விழுப்புரத்தைப் பற்றி அதிகம் சொல்லாமலே வந்துவிட்டேன். அது ரயிலால் வளர்ந்த ஊர். 1879இல் புதுச்சேரிக்குக் கிளைப்பாதை போட்ட பிறகு ஜங்ஷனாகி, பிறகு காட்பாடிப் பாதையும் சேர்ந்து, எத்திசையிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறும் இடமாயிற்று. அங்கே சமயம் வேறொரு தாளகதியில் நடந்தது. வயலில் ஞாயிறு ஓயலாம். தண்டவாளத்தில் எந்தக் கிழமையும் ஓய்வதில்லை. திரிகால ஜெபத்துக்குக் கோயில் மணி காலை, உச்சி, மாலை என்று மூன்று வேளை அடிக்கும்போது, நிலக்கரி அள்ளிப் போடுபவன் மண்வெட்டியைக் கீழே வைக்க முடியாது. சிலுவை போட்டுக்கொள்ளும் கை ஒரு கணம் மட்டும் நெற்றிக்கு உயர்ந்து மீளும். டூட்டி முடிந்து வந்த நேரத்தில், அது நள்ளிரவானாலும், மாதா படத்தின்முன் ஜெபமாலையை முடித்துவிட்டுச் சாப்பாட்டுக்கு உட்காரும் ரயில்வேக் குடும்பங்கள் இருந்தன. சேரியில் கிழமையைப் பிடித்துக்கொண்ட சமயம், ஜங்ஷனில் கிழமையைக் கைவிட்டு நிமிஷங்களைப் பிடித்துக்கொண்டது.

இப்போது அடுப்புப் பக்கத்துக் கலயத்தைப் பல வீடுகளில் காணோம். ரேஷன் அரிசி வந்த பிறகு வீட்டில் அரிசிக்குப் பஞ்சமில்லை. ஆனால் ரேஷன் அரிசியைக் காணிக்கையாகக் கொண்டுபோக மனம் கூசுகிறது. ஆகவே பிடி அரிசி காசாக மாறி, காசு உறையாக மாறி, டவுன் சபைகளில் உறையும் போய்க் கைப்பேசியில் பணம் அனுப்பும் சதுரக் கட்டம் சுவரில் ஒட்டப்பட்டாயிற்று. கிராமங்களில் மூத்த பெண்கள் சிலர் இன்னும் பை கொண்டுவருகிறார்கள். அறுப்பின் பண்டிகை ஏலம் மட்டும் கொஞ்சமும் குறைவில்லாமல் நடக்கிறது. அதற்கென்றே ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் கம்பெனி வேலை பார்க்கும் வாலிபர்கள் சனிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்து ஊருக்கு வருகிறார்கள். ஆனால் வருஷத்தின் மற்ற ஞாயிறுகளில் அவர்களைக் கோயிலில் காண்பது அரிது. வார விடுமுறை ஒருவனுக்குச் செவ்வாய், ஒருவனுக்கு வியாழன் என்று காண்டிராக்டர் எழுதும் ஷிப்ட் அட்டவணையில் வருகிறது. ஞாயிறுதான் வேண்டும் என்று கேட்டால் வேறு ஆள் தயாராக நிற்கிறான். பாட்டன் மிராசுதாரரிடம் பட்டினி கிடந்து வாங்கிய கிழமையைப் பேரன் கம்பெனியிடம் கேட்கவும் முடியாமல் இருக்கிறான். அவனுக்காகச் சில சபைகள் பொழுது விடியுமுன்பே ஓர் ஆராதனையை வைத்திருக்கின்றன; ஆறு மணி கம்பெனி பஸ்ஸுக்குள் அது முடிந்தாக வேண்டும்.